காதில் சொன்ன பெயர்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பெயர் இந்நினைவு மலரின் முகப்பில் அச்சாகியுள்ளது. நான் அதை ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. இங்கும் அக்கா என்றே எழுதுகிறேன். அவருடைய நற்குணங்களைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவர்மீது நான் கொண்டிருந்த பொறாமையைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை.

குந்தாரப்பள்ளிக்கு அருகே, வானம் பார்த்த ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். நான் நான்காண்டு இளையவன். தந்தையார் முன்னரே காலமாகிவிட்டமையால் அம்மாவோடு கேழ்வரகுக் கொல்லையில் இறங்கியவர் அக்கா. பள்ளிக்குப் போனவன் நான். நான் வித்துவான் தேர்வில் தேறித் தமிழாசிரியன் ஆனதில் அவருடைய உள்ளங்கைக் காய்ப்புக்கே பெரும்பங்கு உண்டு. பின்னர் எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். அடுப்படியில் தெலுங்கும் கொல்லையில் கன்னடமும் பேசும் வீடு அது. சில திங்களில் இரண்டையும் பேசக் கற்று, அவ்வீட்டார் அனைவரையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்மா காலமானார். அம்மாவின் பெயர் இலக்குமி. இறந்தவருடைய பெயரை அடுத்து ஒரு குழந்தைக்கு மட்டுமே சூட்டுவது எங்கள் குடும்ப வழக்கம். அதில் மகன்வழிப் பேத்திக்கே முதலுரிமை. தொட்டிலிடும் நாளில் குழந்தையின் அத்தை, வெற்றிலையால் காதை மறைத்து மும்முறை பெயரைச் சொல்வார். காதில் சொன்னதே பெயர். ஊரார் வேறெப்படி அழைத்தாலும் அது கணக்கில் இல்லை.

அவ்வாண்டு அக்காவும் என் மனைவியும் ஒருங்கே கருவுற்றிருந்தார்கள். அக்காவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே பெண் பிறந்தது. குழந்தையை லச்சுமம்மா என்று அழைப்பதாக அக்காவின் கணவரான மாமாவின் அஞ்சலட்டை வந்தது. படித்ததும் என் வயிறு எரிந்தது. முறை எனக்கிருக்க, என் அம்மாவின் பெயருக்கு வேற்றுமொழி உருக்கொடுத்து, எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார் என்றே எண்ணினேன்.

எனக்கும் பெண் பிறந்தது. திருமகள் என்று பெயர் தேர்ந்தேன். இலக்குமிக்கு அதுவே தூய தமிழ் என்று எல்லோருக்கும் விளக்கினேன். அக்காவிடம் இருப்பதைவிட என்னிடம் இருப்பது உயர்ந்தது என்று காட்டும் ஆசைதான் அவ்விளக்கத்தின் உயிர்.

தொட்டிலிடும் நாளில், வழியிலுள்ள சானமாவுக் காட்டில் யானைகள் இறங்கியிருந்தமையால் அக்கா வரக் காலம் தாழ்ந்தது. வராமலே போகட்டும் என்று நான் விரும்பியதை இன்று ஒப்புக்கொள்கிறேன். நண்பகலில் மாமாவோடு வந்து இறங்கினார். இடுப்பில் இருந்த குழந்தையைப் பக்கத்து வீட்டு அத்தை பறித்துக்கொண்டார்.

"அடியே, லச்சுமியே திரும்பி வந்துட்டா! மூக்கப் பாருங்கடி, அதே மூக்கு!"

பெண்கள் அனைவரும் அங்கே திரண்டார்கள். விழா என் மகளுக்கு. அவளருகே இருந்தவள் என் மனைவி ஒருத்திதான்.

"என்ன பேருடா தம்பி வெச்சிருக்க?" என்றார் அக்கா.

"திருமகள். அம்மா பேரத்தான் நீ எடுத்துக்கிட்டியே."

மாமா சிரித்தார். "எங்க ஊர்ல இந்தப் பேரச் சொல்லணும்னா, மாப்ள, மூணு நாள் உங்கிட்டப் பாடம் கேக்கணுமே!"

அக்கா சிரிக்கவில்லை. வெற்றிலையை எடுத்து, தொட்டிலுக்குள் குனிந்து, என் மகளின் காதில் மும்முறை சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

அதன்பின் ஏழாண்டுகள் அக்காவின் மகளை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மடல்களில் 'உங்கள் மகள்' என்று எழுதினேன். விடுமுறைக்கு வந்தால் 'இந்தப் பெண்' என்பேன். அவள் என் மகளோடு விளையாடுவதைக்கூட இரண்டு இலக்குமிகளின் போட்டியாகவே பார்த்தேன்.

சென்ற ஆண்டு மார்புநோய் முற்றி அக்காவை ஓசூர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் போய் அருகில் அமர்ந்தபோது அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"உனக்கு இன்னும் எம்மேல கோவந்தானே? எம் பொண்ணு காதுல எங்க நாத்தனா அவங்க அம்மா பேரச் சொன்னாங்கடா. அது அந்த வூட்டு முறை. நம்ம அம்மா பேர வாயால கூப்பிட்டுக்க மட்டுந்தான் கேட்டு வாங்கினேன். உம் பொண்ணு காதுல நான் சொன்னது அம்மா பேருதான். மூணு தரமும்."

"அப்பவே ஏங்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா, கூப்பிடற பேரும் எனக்கில்லன்னு புடுங்கியிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். பிடுங்கித்தான் இருப்பேன்.

அவர் மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "லச்சுமம்மா, இங்க வா" என்றேன். நான் வேறு யாரையோ அழைப்பதாக எண்ணி அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான்காம் நாள் காலமானார்.

இறுதிவரை உடனிருந்த மாமாவுக்கும், தம் கையால் கஞ்சி ஊட்டிய அவருடைய தமக்கையாருக்கும், மருத்துவருக்கும் செவிலியருக்கும், வண்டி கொடுத்தும் தோள் கொடுத்தும் உதவிய ஊரார்க்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது.

உறவினர்க்கு ஒரு விண்ணப்பம். அக்காவின் பெயர் இப்போது ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கிறது. உங்களுள் எவர் வீட்டில் முதலில் பெண் பிறக்கிறதோ அங்கே அது போகட்டும். தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ உங்கள் நாவுக்கு வந்த உருவில் சூட்டுங்கள். நான் திருத்த மாட்டேன். தொட்டிலருகே வந்து நிற்பேன். அப்பெயரை நாள்தோறும் வாய்விட்டு அழைக்கப்போகும் அவ்வீட்டார்மீது எனக்குப் பொறாமை இருக்கும். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.