காணாமல் போன நீதிமன்ற வளைவு

நீதிமன்றத்திலேயே திருட்டு நடந்துவிட்டதாக முடிவெட்டும் கடையில்தான் கேள்விப்பட்டேன். பழைய நீதிமன்றக் கட்டடத்தின் முகப்பு வளைவுகளில் ஒன்றை எக்ஸ்ரே அக்கா முழுசாக விழுங்கிவிட்டாராம்.

"அந்தக்கா எடுத்த படத்துல பன்னெண்டுதான் சார் இருக்கு. மிச்சம் ஒண்ணு எங்க போச்சு?" என்றார் கடைக்காரர், கத்தரியை என் காதருகே நிறுத்தி. அந்த நிலையில் நான் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை.

முடி வெட்டி முடிந்ததும் நேராகக் கட்டடத்துக்கு நடந்து எண்ணினேன். பதிமூன்று. உள்ளே வரவேற்புக் கூடத்தில், சுவர் நீளத்துக்கு வரப்போகும் படத்தின் மாதிரித் தாளை ஒட்டியிருந்தார்கள். அதிலும் எண்ணினேன். பன்னிரண்டு. கருநீல வானம், மஞ்சள் வெளிச்சம், துண்டுப் படங்களைத் தைத்த இடம் தெரியாத வேலை. ஒரு வளைவு குறைந்ததில் கட்டடம் இடுப்பு மெலிந்து இன்னும் லட்சணமாகக்கூடத் தெரிந்தது. வதந்திகளில் இதுதான் தொல்லை. சில சமயம் உண்மையாக இருந்து தொலைக்கும்.

எக்ஸ்ரே அக்காவுக்கு வேலை பல் மருத்துவமனையில். தாடையைத் தாங்கியில் வைத்து, குச்சியைக் கடிக்கச் சொல்லி, "அசையாதீங்க" என்று அவர் அதட்டினால் பல்வலிகூட அசையாமல் நிற்கும். கருவி தலையைச் சுற்றி வந்து, ஒரு காதிலிருந்து மறு காது வரை எல்லாப் பல்லையும் ஒரே நீளப் படமாகக் கொடுக்கும். பகல் முழுக்க இது. பொழுது சாய்ந்தால் பழைய கட்டடங்களை அதே மாதிரி நீளமாக எடுப்பார்.

நான் போனபோது ஒரு நோயாளியை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் எண்ணிட்டீங்களா?"

"பதிமூணு வருதே."

"தெரியும். காலையிலேர்ந்து வாயைத் திறங்கன்னா எல்லாரும் வளைவைப் பத்திப் பேசத்தான் திறக்கறாங்க."

நீதிமன்றத் தெரு குறுகல். முழுக் கட்டடமும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் எதிர்வீட்டுக்காரரின் சமையலறைக்குள் போய் நிற்க வேண்டும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இடமிருந்து வலமாகத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாக எடுப்பார். ஒவ்வொரு துண்டிலும் முந்தைய துண்டின் ஓரம் கொஞ்சம் சேர்ந்து வரும். அதைப் பிடித்துக்கொண்டு கணினி எல்லாவற்றையும் தைத்துவிடும். ஆனால் வளைவுகள் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்த முகம். கணினி குழம்பாமல் இருக்க ஏதாவது அடையாளம் வேண்டும். அக்காவின் அடையாளம், அவருடைய கணவர்.

மின்கட்டண அலுவலகக் கவுன்ட்டரில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை, மாலையில் கொண்டுபோய் வளைவுக்குக் கீழே நிறுத்துவார். பக்கத்துப் பக்கத்துத் துண்டு இரண்டிலும் அவர் இருப்பார். கணினி அவரை அவரோடு பொருத்தும். பிறகு, ஆளில்லாமல் எடுத்த படத்தைக் கொண்டு அக்கா அவரைத் துடைத்துவிடுவார். ஊரிலுள்ள எல்லாப் பழைய கட்டடங்களின் முன்னாலும் அவர் நின்றிருக்கிறார். ஒரு படத்திலும் அவர் இல்லை.

"அப்ப வளைவு எப்படிப் போச்சு?"

"இதோ வந்துட்டாரு. அவரையே கேளுங்க."

மனைவியை அழைத்துப்போக வந்த கணவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "புறா" என்றார்.

"என்ன புறா?"

"மேல உக்காந்திருந்துச்சு. சட்டையில போட்டுடுச்சு. ஒரு வளைவு தள்ளி நின்னேன். அவ்வளவுதான்."

"ரெண்டு துண்டுக்கு நடுவுல தள்ளி நின்னிருக்காரு," என்றார் அக்கா. "ஆள் ஒண்ணுன்னா வளைவும் ஒண்ணுதான்னு கம்ப்யூட்டர் ஒண்ணு மேல ஒண்ணைப் போட்டு மூடிடுச்சு. வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீதானே வாயைத் திறக்காதேன்னே?"

"ஊர்ல எல்லாரும் நான் சொன்னதைக் கேக்க மாட்டேங்கிறாங்க, இவரு ஒருத்தர் கேட்டாரு, அதுவும் அன்னைக்குன்னு பாத்து."

வார இறுதியில் படத் திறப்பு விழா. படத்துக்குக் கீழே அக்காவின் பெயர் வரப்போகிறது. இதுவரை அவர் பெயர் வந்ததெல்லாம் எக்ஸ்ரே உறையின் மூலையில், அதுவும் கிறுக்கலாக. "யாரு மேடம் எண்ணப் போறாங்க?" என்று நீதிமன்ற நிர்வாகி சொல்லிப் பார்த்திருக்கிறார். குறை வளைவுக்குக் கீழே என் பெயர் வேண்டாம், திரும்ப எடுக்கிறேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். மறுநாள் காலை படம் அச்சுக்குப் போயாக வேண்டும். ஆகவே அன்று மாலையே மூவரும் போனோம்.

போனால், திறப்பு விழாவுக்காகக் கட்டடம் முழுக்க நிறம் மாறும் விளக்குகள். சிவப்பு, பச்சை, ஊதா, வெள்ளை, திரும்பச் சிவப்பு. அப்படியே எடுத்துத் தைத்தால் சர்க்கஸ் கூடாரம்தான்.

"அண்ணே, கொஞ்ச நேரம் வெள்ளையிலயே நிறுத்துங்களேன்."

விளக்குக்காரர் அசரவில்லை. "மாறாத லைட்டுன்னா நான் எதுக்குக்கா?"

வேறு வழியில்லை. வெள்ளை வரும்போது ஒரு துண்டு, மற்ற நிறங்கள் முடியும் வரை காத்திருப்பு. முதல் வெள்ளையில் ஒரு பேருந்து குறுக்கே போய் வெளிச்சக் கோடு இழுத்தது. அடுத்த வெள்ளையில் ஒருவர் கேமராவுக்கு முன்னால் நின்று, "என்ன எடுக்கறீங்க?" என்று கேட்டார். அக்கா பல்லைக் கடித்தார். அவர் தொழிலில் அது ஆகாது.

புறா இருந்த வளைவு வந்ததும் கணவர் நின்றுவிட்டார்.

"அங்க போய் நிக்கணும்னா என்னைத் துடைக்கக் கூடாது."

"கட்டடத்துக்கு முன்னாடி நீங்க எதுக்குங்க?"

"அப்ப நீ போய் நில்லு."

சிவப்பு போய்ப் பச்சை, பச்சை போய் ஊதா வந்தது. "சரி, துடைக்கல. போய் நில்லுங்க," என்றார் அக்கா.

போனார். அடையாளம் போதவில்லை என்று அக்கா என்னையும் ஓரிடத்தில் நிறுத்தினார். எனக்கு யாரும் எந்த வாக்கும் தரவில்லை. புறா தன் வேலையைச் செய்தது. மனிதர் தோளைக்கூடத் துடைக்காமல், உதடு அசையாமல், "பாரு, நகரல" என்றார்.

காலையில் படம் தயார். பதிமூன்று வளைவு, ஒன்றின் கீழே நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதர். என்னை மட்டும் துடைத்தாயிற்று.

"பிரமாதம் மேடம்," என்றார் நிர்வாகி. "இது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"எடுத்துடுங்க. கோர்ட்டு சுவர்ல ஒருத்தர் நின்னா எந்தக் கேஸ்னு கேப்பாங்க."

"சின்னதா, புள்ளி மாதிரிதானே சார் தெரியறாரு?"

"புள்ளியா இருந்தாலும் ஆள்தானே? இல்லாட்டிப் பழைய படமே போகட்டும்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், அச்சுக்கு நேரமாகிவிட்டது. பிறகு கணவரைத் துடைத்தார்.

திறப்பு நாளில் எல்லோரும் சத்தமாக எண்ணினார்கள். பதிமூன்று வந்ததும் முகம் தொங்கிவிட்டது. கணவர் மட்டும் நேரே தன் வளைவிடம் போய், மூக்கு முட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். அங்கே சுத்தமான படிக்கட்டுதான் இருந்தது.

"துடைக்கலன்னு சொன்னே."

"அடுத்த படத்துல நிச்சயமா இருப்பீங்க."

"எது அடுத்த படம்?"

"பழைய மணிக்கூண்டு."

"அது ஒரே துண்டுல வந்துடுமே. அடையாளத்துக்கு ஆளே வேண்டாமே."

நிர்வாகி கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு அக்கா அந்தப் பக்கம் போய்விட்டார். யாரும் கூப்பிட்ட மாதிரி எனக்குக் கேட்கவில்லை.