இரண்டு ஸ்டார் நிலனும் ஐந்து ஸ்டார் எதிரணியும்

போன சனிக்கிழமை பின்னேரம் நான் ஒரு சோபாவின் மேல் ஏறி நின்று கத்தினேன். வயது ஐம்பத்திரண்டு. சோபாவும் என்னுடையது இல்லை.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் தோழி வதனி அக்காவின் வீடு அது. அவருடைய ஒரே மகன் நிலன் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்கு விளையாடுகிறான். நமக்குத் தெரிந்த ஃபுட்போல் இல்லை... ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் இடித்துத் தள்ளுகிற அமெரிக்க ஃபுட்போல். அதில் உதைப்பதற்கென்றே ஒருவரை வைத்திருப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளிகள். லண்டன் பார்க்குகளில் பந்து உதைத்து வளர்ந்த நிலனுக்கு அந்த வேலை.

அங்கே ஒரு வழக்கம். பள்ளி முடிக்கும் முன்பே பையன்களுக்கு இணையத்தளங்கள் ஸ்டார் போடுகின்றன. ஐந்து ஸ்டார் என்றால் வருங்கால ராஜா. எந்தக் கல்லூரி எத்தனை ஸ்டார்காரர்களைப் பிடித்தது என்று பார்த்து, கல்லூரிகளுக்கும் ரேங்க். பிள்ளைகளுக்கு ரேங்க் போடுவது... நம் ஆட்களுக்கு இதைவிட இனிப்பான விஷயம் உண்டா?

நிலனுக்குக் கிடைத்தது இரண்டு ஸ்டார்.

வதனி அக்கா என்ன செய்தார் தெரியுமா? மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தார். ஊரில் பரீட்சை முடிவு குறைந்தால் விடைத்தாளைத் திரும்பத் திருத்தச் சொல்லிக் கேட்போமே, அதேதான். ஸ்டார் போட்ட இணையத்தளத்துக்கு இரண்டு பக்கக் கடிதம். கூடவே கணிதப் பெறுபேறு, வயலின் கிரேடு ஐந்து, தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு எடுத்த சான்றிதழ்.

"உதைக்கிற வீடியோ அனுப்பினீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"அதை மறந்து போனன்" என்றார்.

பதில் வரவில்லை. எப்படி வரும்?

அவருடைய கணவர் குகன் அண்ணை பஸ் ஓட்டுகிறார். ஷிப்ட் இடைவேளைகளில் இந்த ரேங்குகளைப் படித்துப் படித்து இப்போது நல்ல தேர்ச்சி. "லிஸ்ட் பொய்யில்லை, தங்கச்சி" என்றார். "நாலு ஸ்டார், ஐஞ்சு ஸ்டார் பெடியள் நிறைய இருக்கிற டீம்தான் கடைசியிலை கப் தூக்கும். கூட்டமாப் பாத்தால் அங்கை ஒரு பிழை, இங்கை ஒரு பிழை, எல்லாம் சமனாப் போயிடும். ஆனால் ஒருத்தனைத் தனியப் பிடிச்சு, இவன் வருவானோ எண்டு கேட்டால் லிஸ்ட் முழிக்கும். இவன் பார்க்கிங்கிலை நிண்டு உதைச்சதை ஆர் வந்து பாத்தது?"

எனக்கு இந்த விளக்கம் பிடித்துப் போனது. வதனி அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கூட்டத்தைப் பற்றிக் கவலையில்லையே... அவரிடம் இருப்பது ஒரே ஒரு நிலன்.

அந்த நிலன் முதல் வருடம் முழுக்க பெஞ்சில் இருந்தான். இந்த வருடமும் அப்படியே போனால் படிப்பை விட்டு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். போன கிழமை, வழக்கமாக உதைக்கிறவனுக்குத் தொடையில் காயம். ஒரு ஆட்டம் தருகிறேன், பிறகு பார்ப்போம் என்றாராம் கோச். அந்த ஒரு ஆட்டம்தான் சனிக்கிழமை. எதிரணி யார்? ஐந்து ஸ்டார்களை அள்ளி அள்ளிச் சேர்க்கிற கல்லூரி.

ஐந்து மணிக்குத் தொடங்கியது. மேசையில் சூடான ரோல்ஸ். யாரும் தொடவில்லை.

முதல் பாதியிலேயே நிலனுக்கு ஒரு வாய்ப்பு. கிட்டத்தில் இருந்துதான். உதைத்தான் — பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கமராவுக்கு அவன் முகத்தைக் காட்ட என்ன அவசரமோ, பெரிதாகக் காட்டியது. வதனி அக்கா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வந்தது.

அதன்பிறகு நடந்தது ஆட்டமே இல்லை, அடி. முப்பத்தெட்டுக்குப் பூச்சியம். அந்தப் பக்கத்து ஒவ்வொரு பையனும் ஒரு அலுமாரி அளவு இருந்தான். லிஸ்ட் சொன்னபடி ஒரு இம்மி பிசகவில்லை. குகன் அண்ணை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முடிய நாலு நிமிடம் இருந்தது. பூச்சியத்தோடு வீட்டுக்குப் போக எந்தக் கோச்சுக்குத்தான் மனம் வரும்? நிலனைத் திரும்பக் கூப்பிட்டார். இந்தமுறை நாற்பத்தாறு யார் தூரம், கிட்டத்தட்ட நாற்பத்திரண்டு மீற்றர். கிட்டத்தில் தவறவிட்டவனிடம் எட்டத்தில் உதை என்கிறார்கள்!

"வதனி, வாரும்" என்று குகன் அண்ணை கூப்பிட்டார்.

"என்னாலை பாக்க ஏலாது. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

நிலன் மூன்று அடி பின்னால் போனான். இரண்டு அடி பக்கத்தில். மூச்சு விட்டான். உதைத்தான்...

பந்து எழும்பியது. அலுமாரிகளின் கைகளுக்கு மேலால் எழும்பியது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கம்பங்களுக்குச் சரி நடுவே விழுந்தது. நான் சோபாவில் ஏறியது அப்போதுதான். குகன் அண்ணை இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். குசினியில் இருந்து ஓடிவந்த வதனி அக்கா திரையைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்தார். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

முப்பத்தெட்டுக்கு மூன்று. இப்படித் தோற்றதற்காக பார்க்கிங்கில் ஒரு வீடு இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்திருக்குமா, தெரியாது. ரேங்க் போடுகிறவர்கள் முப்பத்தெட்டைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றைச் சொல்ல அவர்களிடம் வழியில்லை. நாமோ, பிள்ளைகள் விஷயத்தில், முப்பத்தெட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆட்கள்.

ஒரு மணி நேரம் கழித்து நிலன் கூப்பிட்டான். "அம்மா, நெக்ஸ்ட் வீக்கும் நான்தான். கோச் சொல்லிட்டார்."

"முதலாவதை விட்டதுக்கு ஏசினவரோ?"

"இல்லை அம்மா. விட்டாப் பிறகு எப்படி உதைக்கிறன் எண்டுதான் பார்த்தவராம்."

வதனி அக்கா போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

நேற்று ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடை வரிசையில் நாங்கள் இருவரும் நின்றோம். பின்னால் நின்ற தெரிந்த பெண்மணி சுகம் விசாரித்துவிட்டு, "மகன் அமெரிக்காவிலை விளையாடுறாராம். எத்தினை ஸ்டார்?" என்று கேட்டார்.

வதனி அக்கா கத்தரிக்காயை நிறுவைக்குக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நாப்பத்தாறு யார்."