அதிபரின் வெள்ளைக் கார்

முதலில் அது ஒரு கொப்புளமாகத்தான் இருந்தது. இடது பக்க முன்சக்கரத்துக்கு மேலே, மட்காட்டில், சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு வீக்கம். பள்ளிக்கூட வாசலில் நின்ற காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எங்கள் தலைமையாசிரியரான அதிபர் அதைப் பெருவிரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். விரலை எடுத்ததும் வெள்ளைப் பூச்சு செதிலாக உடைந்து அவருடைய நகத்தோடு வந்தது. "இதென்ன பிள்ளை, புதுக் கார், அதுக்குள்ள தோல் உரியுது" என்று என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

பலாங்கொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலை எங்களுடையது. நான் அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியையாக நியமனம் பெற்றவள். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருக்க, இவர் பாடசாலை விடுதியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். விடுமுறைக்கு ஊர் போய்வர பஸ் மாறி மாறி அவருடைய இடுப்பு போய்விட்டது. அதனால்தான் ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கையில் இரத்தினபுரி ஷோரூமில் ஒரு சின்ன வெள்ளைக் காரைப் புதிதாக எடுத்தார். அது மலையேறி வந்த அன்று பிள்ளைகள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். பக்கவாட்டில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை கம்பனிக்காரர்கள் இனாமாக ஒட்டிக்கொடுத்த கறுப்புப் பட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. நான் என் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன்.

கார் வந்து சில மாதங்களில், பள்ளித் தவணை முடிந்து விடுமுறை விட்ட நாளன்று, தோட்டத்தில் அந்தக் கொடுமை நடந்தது. மேல் லயத்தில் இருந்த ஒருவர் டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு மழையில் நடந்து வந்தபோது, தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில் ஒரு வாகனம் அவரை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிர் தப்பியது, ஆனால் வலது கால் தொடைக்குக் கீழே நொறுங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்தவருக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் 'வெள்ளைக் கார்' என்ற இரண்டு சொற்கள்தான். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கொழுந்து எடுக்கிறவர். அவர்களுடைய ஒரே மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். கணிதத்தில் கெட்டிக்காரி என்பதால் அதிபருக்கு அவள் மேல் தனிப் பிரியம். அப்போது யாருக்கும் அதிபரின் கார் நினைவுக்கு வரவில்லை. அவர் விடுமுறை முடிந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மனிதரைப் பார்த்தார்.

அடுத்த வருட மழையில்தான் பூச்சு உரிய ஆரம்பித்தது. கொப்புளம் இரண்டானது, நாலானது, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பொனட் விளிம்பு வரை ஏறியது. உரிந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தது. பெயின்டுக்கான உத்தரவாத காலம் முடிய இன்னும் நிறைய நாள் இருந்தது. சிங்களம் அவருக்கு அவ்வளவாக ஓடாது, எனக்கு நன்றாக வரும் என்பதால் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இரத்தினபுரிக்குப் போனார்.

அங்கே சேவிஸ் பகுதியில் இருந்த பரிசோதகர் பூச்சின் தடிப்பை அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் காரின் ஒவ்வொரு பக்கமாக வைத்து வைத்துப் பார்த்தார். கதவுகளைத் தாண்டி வந்து இடது மட்காட்டிலும் பொனட்டிலும் வைத்தபோது அவர் முகம் மாறியது. திரும்பவும் வைத்துப் பார்த்தார். பிறகு முற்றம் முழுவதும் கேட்கும்படி, "மேக்க ஹப்பலா பேய்ன்ட் கரபு எகக்" என்றார். இது எங்கோ மோதிவிட்டு மறுபடி பெயின்ட் அடித்த கார் என்று நான் தமிழில் சொன்னபோது என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. அதிபர் ஒன்றும் விளங்காதவர் போல நின்றார். "ஆர் பூசினது? நான் ஒரு இடமும் குடுக்கேல்லையே. கேளுங்கோ பிள்ளை, ஆர் பூசினது எண்டு கேளுங்கோ." கேட்டேன். மெனேஜர் வந்து தோளைக் குலுக்கினார். வெளியில் கொடுத்து பெயின்ட் பண்ணிய வண்டிக்கு வொரண்டி கிடையாது, அவ்வளவுதான் என்றார். அந்தப் பேச்சை எங்களைத் தவிர இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் லொறியோடு நின்ற எங்கள் தோட்டத்து டிரைவர்.

நாங்கள் திரும்பி மலை ஏறுவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டது. வீட்டுக்குள் காலை வைத்ததுமே அம்மா, "அந்தக் கார்ல இனிமே ஏறாத" என்றார். "ஏம்மா?" என்றேன். "லீவு விட்ட அன்னைக்குத்தான அவர இடிச்சுச்சு? சார் அன்னைக்கு டவுன்ல கூட்டத்துக்குப் போயிட்டு அந்த ரோட்டுலதான வந்தாரு? மறுநாள் விடியக் காத்தாலயே ஊருக்குப் போயிட்டாரு. அங்க வச்சு அடிச்சிருக்காரு பெயின்ட்ட. ஊரே பேசுது." ஒவ்வொரு துண்டும் மற்றதோடு கச்சிதமாகப் பொருந்தியது. அன்று மாலை அவர் டவுனில் இருந்தது உண்மை. மறுநாள் காலையில் ஊருக்குப் போனதும் உண்மை. காரில் அடிபட்ட இடம் இடது முன்பக்கம். அந்த மனிதர் அடிபட்டதும் வீதியின் இடது ஓரத்தில். படுத்தும் தூக்கம் வராமல், எனக்குத் தெரிந்த அதிபரையும் அம்மா சொன்ன அதிபரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இல்லை. அக்காவின் மகள் வருவதை நிறுத்தினாள். அவளைப் பார்த்து மேல் லயத்துப் பிள்ளைகள் பலரும் வராமல் நின்றுவிட்டார்கள். காலையில் வீதியில் எதிர்ப்படும் பெண்கள் அதிபரைக் கண்டால் பேச்சை நிறுத்தி, தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். ஒருநாள் பொலிஸ்காரர்கள் இருவர் வந்து, பிள்ளைகள் ஜன்னலோரம் கூடி நிற்க, காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். கேட்ட கேள்விகளையே திரும்பவும் கேட்டார்கள். அதிபர் எல்லாவற்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னார். அவர்கள் போன பிறகு எட்டாம் வகுப்புக்குள் போய் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கிடையில் அவர் கம்பனியின் தலைமையகத்துக்கு முறையிட்டிருந்தார். அங்கிருந்து வந்த பதிலைச் சொல்ல மெனேஜரே தொலைபேசியில் அழைத்தார். பெயின்ட் முழுவதையும் இலவசமாக அடித்துத் தருகிறோம், நல்லெண்ணத்தில் செய்கிறோம், ஆனால் முந்திய வேலை வெளியில் நீங்களே செய்வித்தது என்று ஒரு கையெழுத்து மட்டும் போட வேண்டும். நாளைக்கே கொண்டு வரலாம். நான் மொழிபெயர்த்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நான் பூசினனான் எண்டு எழுதிக் குடுத்தா, அந்த மனுசனை இடிச்சனான் எண்டு எழுதிக் குடுத்த மாதிரித்தானே பிள்ளை. வேண்டாம் எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். அந்தக் கார் அப்படியே, சொறி பிடித்த மிருகம் போல, பள்ளிக்கூட முற்றத்தில் நின்றது. மூடி வைக்கக்கூட அவர் ஒரு துணி போடவில்லை.

ஒருநாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, அக்கா வந்தார். கொழுந்து எடுத்த மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. விடுதிக்குப் போகப் புறப்பட்டிருந்த அதிபர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அக்கா அவருக்கு எதிரில் போய் நின்றார். "சார், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நீங்களா இடிச்சீங்க?"

"இல்லையம்மா. நான் இடிக்கேல்ல."

"அப்ப இது என்னாங்க?" என்று அக்கா காருக்குப் பக்கத்தில் போனார். மட்காட்டில் தொங்கிக்கொண்டிருந்த பூச்சின் விளிம்பைப் பிடித்து, கோபம் முழுவதையும் விரலில் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தார். பட்டுத்துணி கிழிவது போல அது கதவுப் பக்கமாக நீளமாகக் கிழிந்து வந்தது. கிழிந்த வேகத்தில் கறுப்புப் பட்டியின் முன்பகுதியும் அதோடு பிய்ந்து அவர் கையில் தொங்கியது. அதைச் சுருட்டி வீசக் கையை ஓங்கினார்.

"எறியாதையுங்கோ!" அதிபர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. படிகளில் தடுமாறி இறங்கி வந்து, அவர் கையிலிருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கறுப்புப் பட்டியின் அடியில் அந்த வெள்ளைப் பூச்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "பிள்ளை, இந்த ஸ்டிக்கர் பெயின்டுக்கு மேல ஒட்டியிருக்கு. இதை ஒட்டினது கம்பனி. கார் எடுத்த அண்டு."

அக்காவின் குரல் இறங்கவில்லை. "அத யாரு பாத்தா?"

எனக்குப் படம் நினைவுக்கு வந்தது. கைத்தொலைபேசியில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளித் தேடி எடுத்து அக்காவிடம் நீட்டினேன். கார் வந்த அன்றைய படம். அக்கா முதலில் கண்டது காரை அல்ல, தன் மகளை. பிள்ளைகளுக்கு முன்னால் இடது மட்காட்டில் சாய்ந்து, அந்தக் கறுப்புப் பட்டியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தபடி நின்றாள். "இது எப்பங்க எடுத்தது?" என்றார். "அண்ணன் அடிபடுறதுக்கு முந்தி அக்கா. ரொம்ப முந்தி." அக்கா அதிபரின் கையிலிருந்த துண்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பவும் துண்டைப் பார்த்தார். "அப்ப இந்தப் பெயின்ட் அன்னைக்கே இதுக்கு அடியில இருந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் மன்னிப்புக் கேட்பார் என்றோ ஆறுதல் அடைவார் என்றோ நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் அக்கா ஈரமான படியில் உட்கார்ந்து, தலையில் கை வைத்து அழத் தொடங்கினார். "அப்ப யாருங்க? இத்தன நாளா சார்தான்னு நெனச்சு வஞ்சுக்கிட்டாவது கெடந்தேன். இனி யாரப் போயிக் கேப்பேன்?" அதிபர் அவருக்குப் பக்கத்தில் நின்றார். நிரபராதி என்று நிரூபணமான அந்த நேரத்திலும் அவருடைய முகத்தில் நிம்மதி இல்லை.

மறுநாள் இரத்தினபுரிக்குப் புறப்பட்டபோது அக்காவும் வந்து காரில் ஏறினார். ஷோரூமில் நான் பேசத் தேவையே வரவில்லை. அக்காதான் பேசினார். அவருடைய சிங்களம் என்னுடையதைவிட வேகமானது. பட்டித் துண்டை மெனேஜரின் மேசையில் விரித்து வைத்து, பக்கத்தில் என் கைத்தொலைபேசியை வைத்து, "என் புருஷன் கால் போய்க் கிடக்கிறார், நான் இவ்வளவு நாளும் இந்த மனுஷரைத் திட்டினேன், நீங்கள் ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் திட்டியிருப்பேனா?" என்று கேட்டார். மெனேஜர் பட்டித் துண்டைத் திருப்பிப் பார்த்தார். கப்பலில் வந்த வண்டியை இறக்கும்போது உரசிவிட்டது, சின்ன வேலைதான், சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றார். உடனே பெயின்ட் அடித்துத் தருகிறோம், வொரண்டியிலேயே எல்லாம் செய்கிறோம் என்றார். அதிபர் தலையசைத்து மறுத்தார். "முதல்ல இதைப் பொலிஸில வந்து சொல்லட்டும். பெயின்ட் பிறகு." மெனேஜர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு நாளில்தான் அதிபர் காரை வேலைக்கு விட்டார்.

அன்று பொலிஸ் நிலையத்திலிருந்து திரும்புகிற வழியில், தொழிற்சாலைக்குக் கீழே அந்த வளைவு வந்தபோது அக்கா, "இங்க கொஞ்சம் நிப்பாட்டுங்க சார்" என்றார். இறங்கி, வீதி ஓரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் காருக்குள்ளேயே இருந்தோம். திரும்பி வந்து ஏறும்போது, "அடுத்த வாரம் அவருக்கு கிளினிக் இருக்குங்க. பஸ்ல ஏத்த முடியல" என்றார். அதிபர், "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. அந்த வாரமே மகள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அதிபர் ஒவ்வொரு கிளினிக் நாளும், தான் மாற்றலாகிப் போகும் வரை, அந்த மனிதரை முன் ஆசனத்தில் உட்கார வைத்து டவுனுக்குக் கூட்டிப் போனார். எதிர்ப்படுகிற பெண்கள் மறுபடி 'சார்' என்று நின்று பேசினார்கள். அவரும் பேசினார். ஆனால் முன்பு போல அவர்களுடைய வீட்டு விசேஷங்களுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது அவர் ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார். நானும் திருமணமாகி நிவித்திகலைப் பக்கம் வந்துவிட்டேன். இடித்துவிட்டுப் போனவனை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது பலாங்கொடைப் பொலவில், அந்த வாரச் சந்தையில், அக்காவைச் சந்தித்தேன். காய்கறிப் பைகளோடு வீதியோரம் நின்று மகளின் பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு வெள்ளைக் கார் மெதுவாக எங்களைக் கடந்து போனது. பேச்சு நடுவிலேயே நின்றது. இரண்டு பேரும் அதன் இடது முன்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கார் திருப்பத்தில் மறைந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பாக்குறீங்களா டீச்சர்?"

"ஆமாக்கா" என்றேன்.