மேனுகா ரீச்சரும் நல்ல தண்ணிக் கிணறும்

மேனுகா ரீச்சர் நெடுந்தீவுக்குக் குடிவந்த பதினோராம் நாள், ஏழு வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த கிணற்றை ஒரு காலைப்பொழுதுக்குள் உப்பாக்கிவிட்டாள். கெட்ட எண்ணம் அவளுக்கு எள்ளளவும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு அவளை ஏசாத வாய் அந்தக் குறுகிய தெருவில், அந்த ஒழுங்கையில், இருக்கவில்லை.

அவள் கோண்டாவில்காரி. தகப்பன் தோட்டக்காரர். வெங்காயத்துக்கு இறைக்கும் இயந்திரத்தின் சத்தத்திலேயே வளர்ந்தவள். அங்கே விடிய விடிய இறைத்தாலும் கிணறு ஊறிக்கொண்டே இருக்கும். கணக்குப் படிப்பிக்கத் தீவுக்கு நியமனம் வந்தபோது தாய்தான் அழுதாள், இவள் அழவில்லை. குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் வயிற்றைப் பிரட்டிச் சத்தியெடுத்தபடி வந்து இறங்கினாள். நாளாந்தம் போய்வர முடியாத தூரம்.

ஞானசவுந்தரியின் தங்கை கனடாவுக்குப் போனபின் பூட்டிக் கிடந்த வீட்டில் ஓர் அறையும் குசினியும் கிடைத்தன. ஓட்டில் இரண்டு இடத்தில் வானம் தெரிந்தது. ஒரு கதிரை, கால் ஆடுகிற மேசை, கதவு சாத்தாத அலுமாரி, அவ்வளவுதான். கல்வேலிக்கு அங்கால் இருந்த ஞானசவுந்தரி எல்லாம் காட்டினாள்: ஆடு நுழையும் வேலிப் பொட்டு, பாம்பு வரும் மூலை, மழைக்கு ஒழுகும் இடம். ஏழு வீடும் அள்ளும் முற்றத்துக் கிணற்றைப் பற்றி மட்டும், "இந்தாரும் பிள்ளை வாளி. குடிக்கிறதும் இதுதான், சமைக்கிறதும் இதுதான்" என்றாள். மோட்டர் போடாதே என்று சொல்லவில்லை. நெருப்பில் கை வைக்காதே என்று வளர்ந்த ஆளுக்கு யார் சொல்வார்?

வாளிக்கயிறு இழுத்து இழுத்து மேனுகாவின் உள்ளங்கை கொப்பளித்தது. தகப்பனிடம் தொலைபேசியில் சொன்னாள். சனிக்கிழமைப் படகில் தம்பி றஜீபன் மோட்டரும் ஆயிரம் லீற்றர்த் தண்ணீர்த் தாங்கியுமாக வந்து இறங்கினான். ஞாயிறு காலை ஒழுங்கை முழுக்கப் பூசைக்குப் போயிருக்க, அக்காவும் தம்பியும் வயரைக் கொழுவினார்கள். அரை மணித்தியாலத்தில் தாங்கி நிறைந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை, குழாயைத் தாங்கியிலிருந்து எடுத்து முற்றத்துக்கு விட்டாள். சீலைகள் தோய்த்தாள், நிலம் கழுவினாள், வாடிநின்ற பப்பாசிக்கும் வார்த்தாள். கடைசியில் குழாய் காற்றை உறிஞ்சியது. தம்பி சிரித்துவிட்டு மத்தியானப் படகுக்குப் போனான்.

பின்னேரம் முன்வீட்டு ஜெனீற்றா குடத்தோடு வந்து, அள்ளிக்கொண்டு போனாள். பத்து நிமிடம் இருக்காது, கையில் பால்போத்தலோடு ஓடிவந்தாள். அவளுடைய ஏழு மாதக் குழந்தை பாலைத் துப்பிவிட்டது.

"உப்பு! தண்ணி உப்பு!"

சனம் கூடிவிட்டது. மேனுகா ஞானசவுந்தரியின் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, நான்... மோட்டர் போட்டனான்."

"மோட்டரோ!" ஞானசவுந்தரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளது புருஷன் சில்வெஸ்ரர் கத்தியோடு வந்தார். "விலகுங்கோ, உந்த வயரை இப்பவே வெட்டி எறியிறன்."

"கணக்கு ரீச்சராம்!" என்றாள் ஜெனீற்றா. "ஏழு வீட்டுத் தண்ணியை ஒரு காலமைக்குள்ளை கழிச்சுப்போட்டா."

ஞானசவுந்தரி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இஞ்சை நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலை பாலாடை மாதிரித்தான் கிடக்கு. நாங்கள் மெல்ல மெல்ல அள்ளிக் குடிக்கிறம். நீங்கள் ஆடையை உறிஞ்சிப்போட்டு அடியைக் கிளப்பிப்போட்டியள், ரீச்சர்."

அதுவரை 'பிள்ளை, நீர்' என்று கூப்பிட்ட வாய் அது. இப்போது ரீச்சர், நீங்கள்.

"தெளியாதோ, அன்ரி?"

"ஆருக்குத் தெரியும்? எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இப்பிடிச் செய்து பாக்கேல்லையே. இல்லாட்டி ஐப்பசி மழைதான்."

அப்போது ஆவணி மாதம். ஞானசவுந்தரி பழைய வலையையும் ஓலைப்பாயையும் கொண்டுவந்து கிணற்றை மூடிக் கட்டினாள். "பதினாலு நாள் ஒருத்தரும் தொடப்படாது. தெளிஞ்சால் சரி. தெளியாட்டி ரீச்சர் வேறை வீடு பாக்கட்டும். பெட்டியை நானே துறைக்குத் தூக்கிக்கொண்டு போவன்."

வேறு வீடு எது? இனி அந்தப் பக்கம் யார் கதவு திறப்பார்? அவள் போனால் பதினோராம் வகுப்பு மார்கழிச் சோதனைக்குக் கணக்கு ரீச்சர் இல்லாமல் இருக்கும். அவளுக்கு முன்பு இரண்டு வருடம் அந்தக் கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது.

பொழுதுபடும் நேரம் மேனுகா தாங்கியின் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இனிப்பு! தாங்கிக்குள் முதலில் ஏறியது மேல்தண்ணீர் அல்லவா? கல்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். ஞானசவுந்தரி வந்து குடித்தாள், முகம் இளகவில்லை.

"நாளுக்கு வீட்டுக்கு ஒரு குடம். பதினாலு நாளுக்கு இது காணுமோ?"

"காணும் அன்ரி, மட்டுமட்டாய்ப் போதும்."

வெண்கட்டியால் கறுத்த தாங்கியில் மேலிருந்து கீழே பதினாலு கோடு கீறினாள். ஏழு வீட்டுக்குத்தான் கணக்கு. தன் வீட்டை அவள் சேர்க்கவில்லை. பள்ளிக்கு முன் சைக்கிளில் இரண்டு கான்களோடு ஒரு மைல் தள்ளியிருந்த கிணற்றுக்குப் போய், வரிசையில் நின்று தனக்கு எடுத்துவந்தாள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி எப்போது வரும் என்று பவுசருக்கே தெரியாது. குடத்துக்கு வந்த பெண்கள் அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஒழுங்கைப் பெட்டையள் இருவர், சமைக்கத் தூரக் கிணற்றுத் தண்ணீர் சுமந்து வைத்துவிட்டு, நாள்தோறும் இரண்டாம் பாடத்துக்குத்தான் வகுப்புக்கு வந்தார்கள். அவர்களைப் பார்க்க அவளுக்குக் கண் கூசியது.

ஐந்தாம் நாள் அதிபர் கூப்பிட்டார். "இடமாற்றத்துக்கு எழுதித் தரட்டோ, ரீச்சர்? மரியாதையாய்ப் போகலாம்."

"பதினாலு நாள் முடியட்டும், சேர்."

நாளுக்கு ஒரு கோடாகத் தாங்கியில் தண்ணீர் இறங்கியது. பதினாலாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து எல்லாரும் கிணற்றடிக்கு வந்தார்கள். ஞானசவுந்தரி வலையை அவிழ்த்து, வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி, மேலாக மட்டும் அள்ளினாள்.

"ரீச்சர், நீங்களே குடிச்சுச் சொல்லுங்கோ."

மேனுகா குடித்தாள். தொண்டையின் அடியில் மெல்லிதாய் ஒரு கரிப்பு. ஏழு வீடும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் உப்பு இருக்கு, அன்ரி."

"பிறகென்ன, பெட்டியைக் கட்டட்டும்" என்றார் சில்வெஸ்ரர்.

"சும்மா இருங்கோ பாப்பம்." ஞானசவுந்தரி ஒரு வாய் எடுத்து, கொப்பளிப்பதுபோல் உருட்டி விழுங்கினாள். வாளியை ஜெனீற்றாவிடம் நீட்டினாள். ஜெனீற்றா வீட்டுக்குள் போனாள். தண்ணீர் கொதித்து, ஆறி, பால் கரைக்கும் மட்டும் ஒருவரும் அசையவில்லை. மேனுகா தன் பெட்டிக்குள் எதை முதலில் வைப்பது என்றுகூட நினைத்துவிட்டாள்.

ஜெனீற்றா குழந்தையோடு வந்தாள். போத்தலில் பாதி இறங்கியிருந்தது.

"துப்பேல்லை" என்றாள். "இன்னும் வேணுமாம் துரைக்கு."

ஞானசவுந்தரி வாளிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "மழை வரும்வரை வீட்டுக்கு நாலு வாளி. அதுக்கு மேலை ஒரு சொட்டும் இல்லை. கணக்கைச் சுவரிலை எழுதும், பிள்ளை."

"ஏழு வீட்டுக்கும் இருபத்தெட்டு..."

"என்ன கணக்குப் படிப்பிக்கிறீர்? எட்டு வீடு. முப்பத்திரண்டு எண்டு எழுதும்."

தாங்கியைக் கொண்டுபோக விடவில்லை, ஐப்பசிக்குக் கூரைத் தண்ணீர் பிடிக்கலாமாம். திங்கட்கிழமைப் படகுக்கு ஞானசவுந்தரி சொன்ன வாக்குத் தவறாமல் துறைக்குச் சுமந்துபோனாள். பெட்டியை அல்ல, மோட்டரை.