நான்கு கட்டங்களும் ஒரு பிள்ளையார் சுழியும்

கம்ப்யூட்டரில் எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது ‘ஆப்ஷனல்’ என்ற சொல் திரையில் வந்தால் போதும், எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு எங்கள் பெரியப்பாவைத் தெரியாது.

கல்வராயன் மலை அடிவாரத்தில், வடக்கனந்தலுக்கு மேற்கே எங்கள் ஊர். பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். மலைமேல் ஒரு திருவிழாவில் கொட்டுகிற மழையில் நனைந்துபோன ஆம்ப்ளிஃபயரை அவர் பிரித்துத் துடைத்துப் பாட வைத்தாராம். அன்றிலிருந்து ஒயர் உள்ள எந்தப் பொருளுக்கும் ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். கிரைண்டர் ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அது ஓடாமலே போனாலும் அவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் பையன்கள் மொய்த்துக்கொள்வார்கள். மவுஸ் என் கைக்கு வரும்போது மணி அடித்துவிடும். மூன்று மாதம் பெரியப்பாவின் பின்னாலேயே அலைந்தேன். மைக் செட்டுக்கு நாமே நோட்டீஸ் அடிக்கலாம், அதில் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போடலாம் என்று ஆசை காட்டினேன். பெயர் என்றதும் மனிதர் மடங்கிவிட்டார். கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பழைய டெஸ்க்டாப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். சரிப்படாவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பெரியப்பா வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிகள் கூரைவரை நின்றதால், கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா வெளியூரில் கரும்பு வெட்டப் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் ஒரு சிடி கொடுத்தார். அதில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் இருந்தது. தமிழும் அடிக்கலாம், பின்னால் புரோகிராமும் எழுதலாம். கூடவே ஒரு தாளில் குறிப்பு எழுதித் தந்திருந்தார்: ‘ஆப்ஷனல் லைப்ரரி என்று நான்கு கட்டம் வரும். நான்கிலும் டிக் இருக்கும். எதையும் எடுத்துவிடாதே. முதல் கட்டம் இல்லையென்றால் தமிழ் எழுத்து திரையில் தெரியாது.’ அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். அந்தத் தாளை நான் மனப்பாடமே செய்துவிட்டேன்.

காலாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மானிட்டருக்குக் கதம்ப மாலை. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று பெரியம்மா காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியப்பா பூ வாங்கப் போன இடத்தில் அரட்டை அடித்துவிட்டு, பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்தவர் நேரே நாற்காலியில் உட்கார்ந்து சிடியைச் செருகினார். நான் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

நான்கு கட்டங்கள் வந்தன. கீழே, இன்ஸ்டால் ஆக இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று காட்டியது. பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பத்து.

“ஆப்ஷனல்னா இன்னா?”

“வேணும்னா போட்டுக்கலாம்னு அர்த்தம், பெரிப்பா. ஆனா நமக்கு வேணும். மிஸ் எழுதிக் குடுத்துக்கிறாங்க, பாருங்க.”

“வேணும்னா தான? அப்பறம் போட்டுக்கலாம். ராவுகாலத்துல ஏறிக்கினு இருந்தா வெளங்குமா?”

டிக், டிக், டிக், டிக். நான்கையும் எடுத்துவிட்டார்! நான் அலறினேன். “சும்மா இருடீ, நல்ல நேரத்துல கத்தாத” என்று பெரியம்மா என் தோளில் ஒன்று வைத்தாள். ஏழே நிமிடத்தில் வேலை முடிந்தது. பெரியப்பா கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அம்மா கற்பூரம் காட்டினாள். எலுமிச்சம்பழத்தை மேஜைக்காலின் அடியில் வைத்து நசுக்கினார்கள். லாரிக்குச் செய்வதை இதற்கும் செய்யாமல் விடுவார்களா? பிறகு முதல் எழுத்தாகப் பிள்ளையார் சுழி போடச் சொன்னார்கள். தமிழ்ச் சாவிகள் எனக்குத்தான் தெரியும். பயந்துகொண்டே ‘உ’வை அழுத்தினேன்.

திரையில் ஒரு வெற்றுக் கட்டம் வந்தது.

மறுபடி அழுத்தினேன். இன்னொரு கட்டம். பெரியப்பா என்னைத் தள்ளிவிட்டு இங்கிலீஷுக்கு மாற்றி ஏ, பி, சி அடித்தார். அழகாக வந்தன. அங்கேதான் வினையே.

“இங்கிலீஷ் எய்துது. புள்ளையார மட்டும் எய்த மாட்டேங்குது பாரு” என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மொத கட்டத்த எடுத்துட்டீங்க, அதான் வரல. திரும்ப ஏத்தினா வந்துடும்” என்று தாளை நீட்டினேன். யார் பார்த்தார்கள்? பெரியப்பா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பி, “இவ தூரமா கீரமா இருக்குறாளான்னு கேளு. பொட்டப்புள்ளய மொதல்ல கை வைக்க வுட்டது என் தப்பு” என்றார்.

எனக்கு அழுகையும் ஆங்காரமும் ஒன்றாகப் பொங்கின. நான் தீட்டு இல்லை. இருந்தாலும்தான் என்ன? கட்டத்தை எடுத்தது அவர் கை, பழி என் உடம்புக்கா! “இல்ல, இல்ல, இல்ல” என்று காலை உதைத்தேன். அதற்கும் “பொட்டப்புள்ளைக்கு வாயப் பாரு” என்றார்கள்.

“சகுனம் செரியில்ல. நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துடறேன்” என்று பெரியப்பா மானிட்டரில் இருந்த மாலையைக் கழற்றத் தொடங்கினார். என் மூன்று மாதமும் அந்த மாலையோடு கழன்று வந்தது.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள். கணவரின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை. எதுவானாலும் பெரியம்மா வழியாகத்தான். தலையைக் குனிந்துகொண்டு, “அக்கா, மாமாகிட்ட சொல்லிடுங்க. புள்ள மேல தப்பு இல்ல. நாந்தான் தூரம். காலைலயே ஆயிடுச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கினு கற்பூரம் காட்டிட்டேன்” என்றாள்.

பெரியம்மா ஒரு நொடி அம்மாவையே பார்த்தாள். பிறகு, “ஆமாங்க. எங்கிட்ட காலைல சொன்னா. நாந்தான் மறந்துட்டேன்” என்றாள்.

ஓர் ஆண்பிள்ளை காதில் விழக்கூடாதது விழுந்துவிட்டது. பெரியப்பா மாலையை அப்படியே போட்டுவிட்டு, “திங்கக்கெழம தல முழுவனப்பறம் பாத்துக்கலாம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்குப் போனாள். மூன்று நாளும் புரட்டாசி மழை அடித்தது. சாரல் உள்ளே வந்தது. சோறு கொண்டுபோய் வைக்கும் வேலை எனக்கு. எனக்கோ அவள்மேல் அப்படியொரு கோபம். காரணம் கட்டம்தான் என்று நான் கரடியாய்க் கத்தியிருக்க, தீட்டுதான் காரணம் என்று இவளே ஒத்துக்கொண்டாளே! என் கட்சியில் இருந்த ஒரே ஆளும் அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு வேளையும் தட்டை டங்கென்று வைத்துவிட்டு, பேசாமல் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். “திங்கக்கெழம நாலு கட்டத்துலயும் டிக் இருக்குதான்னு பாத்துக்க. ஒண்ணையும் எடுக்க வுடாத.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அது தெரிஞ்சிக்கினே அன்னிக்கு ஏன் சொல்லல?” என்று கத்தினேன். அவள் சோற்றைப் பிசைந்தாள்.

திங்கட்கிழமை அம்மா தலைமுழுகி வந்தாள். அன்றைய ராகுகாலம் ஒன்பதுக்கே முடிந்திருந்ததால் நேரத்துக்குக் குறைவில்லை. இன்னொரு தடவை தன் கையால் கெட்டது என்று பேராகிவிடக்கூடாது என்ற பயமோ என்னவோ, பெரியப்பா நாற்காலியை எனக்கு விட்டுவிட்டார். நான்கு டிக்கையும் காவல் காத்தேன். இருபத்தைந்து நிமிடம். ‘உ’வை அழுத்தினேன். ‘உ’ வந்தது, கொழுகொழுவென்று.

“பாத்தியா, தூரம் கயிஞ்சதும் வந்துட்டாரு!” என்றார் பெரியப்பா. நான் தாளைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். ஒருவரும் திரும்பவில்லை. இந்தக் கதை மைக் செட்டோடு மலை ஏறி ஊர் ஊராகப் போயிற்று. கம்ப்யூட்டருக்குக்கூடத் தீட்டு ஆகாது என்று அவர் சொல்ல, கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்களாம்.

அந்த நாற்காலியைவிட்டு நான் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கு என் சோறும் அதில்தான்.

போன வருடம் அம்மாவுக்கு வயிற்றுவலி என்று கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படிவத்தை நான்தான் நிரப்பினேன். மாதவிலக்கு எப்போது நின்றது என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. அம்மாவைக் கேட்டேன்.

“அது எங்கடீ நிக்கிறது? நீ ஏயாவது படிக்கசொல்ல கட்டின்னு சொல்லி கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்களே. பத்து நாளும் உன் பெரிம்மாதான கூட இருந்தா.”

ஏழாவது. வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்று அப்போது எனக்கும் சொன்னார்கள். பெரியப்பாவுக்கும் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள். கட்டியோடு என்ன போயிற்று என்று கேட்கத் தெரியாத வயது எனக்கு. அதன்பின் அவள் மாதாமாதம் கொட்டகைக்குப் போகாததும் எனக்கு உறைக்கவில்லை.

“அப்போ அந்த வெள்ளிக்கெழம?” என்று கேட்டேன்.

எந்த வெள்ளிக்கிழமை என்று அவள் கேட்கவில்லை. “பொட்டி வூட்டுலயே இருந்துச்சா இல்லியா?” என்றாள்.

மழையில் அவள் உட்கார்ந்திருந்தது மூன்று நாள். வேளைக்கு ஒன்றாக, நான் தட்டை டங்கென்று வைத்தது ஒன்பது தடவை.