புது கேசட்டில் வந்த குரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேய், ஆவி என்றால் சிரிக்கிற ஆள் நான். சாமி உண்டு, மற்றதெல்லாம் மனப்பிரமை என்பேன். நீங்களும் அப்படி நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், மயூரநாதர் சாட்சியாக நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மயிலாடுதுறையில் என் உரக்கடைக்கென்று வாங்கிய டெலிபோன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. பத்தாவதோடு படிப்பு நின்றாலும் ரேடியோவைப் பிரித்து மாட்டுகிற பைத்தியம் எனக்கு உண்டு. ஆளில்லாத நேரம் போனைத் தானே எடுக்கிற மெஷின் ஒன்றை இரண்டு பழைய டேப் ரெக்கார்டரை வைத்துச் செய்தேன். மணி அடித்தால் ஒன்று என் குரலில் பேசும், மற்றது எதிர்முனையில் சொல்வதைப் பதியும்.

மச்சினன் செல்வராசு அதைப் பார்த்துவிட்டு, "அக்கா இருக்கையில நீங்க வாயே திறக்க முடியாது மாமா, மொதல்ல அதுக்கு ஒரு மெஷின் செய்ங்க" என்றான்.

அவனும் என் மாமனாரும் கிராமத்தில் குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்தார்கள். உழுபவனுக்கே நிலம் என்று மேடையில் பேசுகிற ஆட்சிதான், ஆனாலும் நிலக்காரர் அவர்களை வெளியேற்றப் பார்த்தார். சம்பா நட்டுவிட்டால் தொட முடியாது, வயல் வெறுமனே கிடந்தால் டிராக்டரை இறக்கிவிடுவார்.

பிரதோஷத்தன்று சாயங்காலம் புது கேசட் போட்டுவிட்டு நானும் மனைவி கமலாவும் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்து ஓட்டினால் செல்வராசு குரல்.

"அக்கா, தீட்டுன்னு நிறுத்திடாதீங்க. நாளைக்கே நட்டுடுங்க."

அதோடு டேப்பை நிறுத்திவிட்டேன். "என்ன தீட்டுங்க?" என்றாள் கமலா. நான் பதில் சொல்வதற்குள் கிராமத்து ஆள் ஒருவர் வாசலில் வந்து, உள்ளே வராமல் நின்றார்.

"செல்வராசு போயிட்டாருங்க. காலையில வரப்புல பாம்பு கடிச்சுது, மத்தியானமே உசுரு அடங்கிடுச்சு."

நம்பினால் நம்புங்கள், அவன் உயிர் போன பிறகுதான் நாங்கள் அந்தப் புது கேசட்டைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கே கிளம்பியிருக்கிறோம்.

மறுநாள் கிராமத்தில் தகனம் முடிந்ததும் நடவைப் பற்றிச் சொன்னேன். "பிள்ளைய எரிச்ச கையோட நாத்தத் தொடவா? ஊரு காறித் துப்பும்" என்றார் மாமனார். கையோடு கொண்டுபோயிருந்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டவர், "ஆளுங்களக் கூப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார். அழுதுகொண்டேதான் நட்டார்கள். வந்த டிராக்டர் வரப்போரம் நின்று திரும்பிப் போனது. நிலம் இன்றும் அவர்களிடம்தான்.

ஒன்றுதான் இப்போதும் எனக்கு விளங்கவில்லை. மாமனார் வீட்டில்தான் அந்த டேப் முழுதாக ஓடியது. செல்வராசு பேசி முடித்ததும் கமலாவின் குரல்: "சரிடா தம்பி, நட்டுடறோம்."

அந்த நேரம் அவள் சந்நிதியில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சு பதிய அந்த மெஷினில் நான் வழியே வைக்கவில்லை. அன்றிலிருந்து கமலா போனைத் தொடுவதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். கமலா என்ன சொன்னாள் என்பதில் மட்டும் ஒரு வார்த்தைகூட மாற்றிவிடாதீர்கள்.