கதிரைத் தடுக்கும் ஸ்டிக்கர்

மிக்ஸி ஓடும்போது சைதூன் அதை ஒட்டி நிற்க மாட்டாள். இடது கையை நீட்டி மூடியை அமுக்கிக்கொண்டு, உடம்பை எட்ட இழுத்துக்கொள்வாள். மகள் ருக்ஸார் வயிற்றில் இருந்தபோது, கரண்ட் சாமானிலிருந்து கதிர் வரும் என்று யாரோ காட்டிய பயம். மகள் இயற்பியலில் பட்டம் வாங்கிய பிறகும் அது போகவில்லை. "மிக்ஸிக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இல்லையாக்கா?" என்பாள் எதிர்வீட்டுக் கண்ணம்மாள்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் ஆள் நாகல் நகரில் வீடு வீடாக ஏறியது அந்தப் பயத்தை நம்பித்தான். கதிர் அளக்கும் கையடக்கக் கருவியை ஓடும் மிக்ஸியருகே பிடித்தான், எண் எகிறியது. பொன்னிற ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி பிடித்தான்; இறங்கியது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த 786 என்ற புனித எண் தாளின் மீது விளிம்பு ஏறும்படி இன்னொன்றை ஒட்டினான். சைதூன் நம்பியதோடு நிற்கவில்லை. நோன்புக் கஞ்சி கொடுக்கப் போன நாலு வீட்டிலும் சொன்னாள். அவள் வாய்ச்சொல்லுக்காகவே நாலு வீடும் வாங்கின.

நாலு மாதம் கழித்து ருக்ஸார், தான் படித்த கல்லூரியிலிருந்து அதேபோல் அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். மிக்ஸியில் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் பிடித்தாலும் ஒட்டாத பக்கம் பிடித்தாலும் ஒரே எண்.

"ரெண்டாவது தடவ அவன் எங்கம்மா புடிச்சுக் காட்டுனான்?"

சைதூன் நினைத்துப் பார்த்தாள். ஒரு முழம் பின்னால்.

"அம்புட்டுத்தான். தள்ளிப் போனா தானா குறையும். நீ சும்மா எட்டி நிக்கிறதுல குறையுது, இதுல ஒண்ணும் குறையல."

"இத இப்பச் சொல்லு. படிச்சவ நாலு மாசமா பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

ருக்ஸார் கருவியை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

மிக்ஸியில் இருந்த ஸ்டிக்கர் ஒரே இழுப்பில் வந்தது. ஃப்ரிட்ஜில் இருந்ததை இழுத்தால் 786 கிழியும். "நான் பிக்க மாட்டேன்னு தெரிஞ்சே ஒட்டிருக்கான், பாவி." ஈரத்துணி வைத்து, கத்திமுனையால் அரைமணி நேரம் பிரித்தாள் சைதூன்.

அன்றே மூன்று வீட்டு வாசலில் நின்றாள். "நான் ஏமாந்து உங்களையும் ஏமாத்திட்டேன். பிச்சு எறிங்க." ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "ஒனக்கு கமிஷன் எம்புட்டு?" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

நாலாவது வீட்டுக்காரி கண்ணம்மாள் அதற்குள் தாடிக்கொம்பில் உள்ள மகள் வீட்டோடு போயிருந்தாள். போன் போட்ட சைதூனை அவள் வாய் திறக்க விடவில்லை.

"அக்கா, நீ சொன்னேன்னு இங்கயும் அந்த ஸ்டிக்கரக் கொண்டாந்து வைஃபை பெட்டில ஒட்டிட்டேன். பேரன் தொட்டிலுக்கு மேலதான் அது இருக்கு. மருமகன் எடம் மாத்துறேன்னாரு. சைதூனக்கா சொன்ன ஸ்டிக்கர் இருக்கே, எதுக்கு மாத்தணும்னு நாந்தான் தடுத்துட்டேன்."

"பேரன் நல்லாருக்கானா?" என்று மட்டும் கேட்டாள் சைதூன்.

அதன்பிறகு மூன்று முறை பேசியாகிவிட்டது. மூன்று வாசலில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் இன்னும் கண்ணம்மாளுக்குச் சொல்லவில்லை.